உலகம் என்று பெயர்; வாசல் யாருக்கு?

மாநாடு என்றால் என்ன என்பதை நமக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பந்தற்கால் நடுகிற நாளிலிருந்து, கடைசித் தோழன் கடைசிப் பேருந்தைப் பிடிக்கிற நேரம்வரை, அதிலே உள்ள அலுப்பையும் அறிவோம், ஆனந்தத்தையும் அறிவோம். பக்கத்து ஊரான் மிதிவண்டியிலே வருவான். தொலைதூரத்தான் கடன் வாங்கி இரயில் ஏறுவான். கையிலே கட்டுச்சோறு, இரவுக்குக் கிடைத்த திண்ணை, திரும்பிப் போனால் வேலை இருக்குமோ இராதோ என்ற திகில்! பக்கத்து ஊரிலிருந்து ஆயிரம் பேர் வந்தனர், தொலைவிலிருந்து பத்தே பேர் வந்தனர், ஆகவே தொலைவில் உள்ளோர்க்குப் பற்று குறைவு என்று எவரேனும் கணக்குச் சொன்னால் நாம் சிரிப்போம். இரயில் கட்டணத்தைச் சேர்க்க மறந்த கணக்கு இது என்போம்!

அந்தக் கணக்கை, உலகத்தின் பெயரையே நெற்றியிலே ஒட்டிக்கொண்ட ஒரு மாநாடு நெடுங்காலமாகப் போட்டு வந்திருக்கிறது. விஞ்ஞானக் கற்பனைக் கதைகளின் ரசிகர்கள் ஆண்டுதோறும் கூட்டுகிற உலக மாநாடு அது. ‘வேர்ல்டுகான்’ என்பது அதன் செல்லப் பெயர். விண்வெளிப் பயணமும், எந்திர மனிதனும், நாளைய உலகமும் கதைகளாக வருகின்றனவே, அவற்றைப் படித்துக் கிறுகிறுத்துப் போனவர்கள், எழுதியவரைக் காணவும், தம்மைப்போன்ற பித்தரோடு பேசவும் கூடுகிற கூட்டம். 1953-ஆம் ஆண்டு முதன்முதல் வழங்கப்பட்ட ஹியூகோ விருது இந்த மாநாட்டிலேதான் வழங்கப்படுகிறது. அதைத் தருவது பேராசிரியர் குழுவல்ல, பணமூட்டைக்காரரல்ல. உறுப்பினராகச் சேர்ந்த ரசிகர்களே வாக்களித்துத் தருகிறார்கள். அடடா, எத்துணை அழகான ஏற்பாடு! ரசிகன் கைதட்டுவதோடு நிற்காமல் தீர்ப்பும் வழங்குகிறான். இதை நாம் மனமாரப் பாராட்டுகிறோம். பாராட்டுவதனாலேயே கேட்கிறோம்: உலகம் என்று பெயர் வைத்தீர்களே, வாசல் யாருக்குத் திறந்திருக்கிறது?

பிறந்த கதையைப் பார்ப்போம். முதல் கூட்டம் எது என்பதிலேயே ஊர்ச்சண்டை உண்டு! 1936 அக்டோபரில் நியூயார்க் ரசிகர்கள் சிலர் பிலடெல்பியாவுக்குப் போய் அவ்வூர் ரசிகர்களைச் சந்தித்தார்கள். அதுவே முதல் மாநாடு என்பர் அமெரிக்கர். 1937 ஜனவரி 3-ஆம் நாள் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்திலே ஒரு மண்டபத்தில், முன்கூட்டித் திட்டமிட்டு அறிவித்து, ஏறக்குறைய இருபது பேர் கூடினார்கள். அதுவே முதல் மாநாடு என்பர் ஆங்கிலேயர். அந்த இருபது பேரிலே ஒருவர், ஆர்தர் சி. கிளார்க். அந்த இளைஞர் பின்னர் 1956-இல் இலங்கைக்குக் குடிவந்து, 2008-இல் மறையும்வரை கொழும்பு நகரத்து மனிதராகவே வாழ்ந்தார். 1956 உலக மாநாட்டின் சிறப்பு விருந்தினரும் அவரே. அவர் வாழ்ந்த தீவுக்கோ, அதன் அண்டைவீடான இந்தியாவுக்கோ அந்த மாநாடு ஒருமுறையேனும் வந்ததுண்டா? இல்லை.

1939 ஜூலையிலே நியூயார்க்கில் முதல் உலக மாநாடு. ‘உலகம்’ என்ற சொல் எப்படி வந்தது தெரியுமா? உலகத்தார் எல்லாம் வந்ததால் வந்ததல்ல. அவ்வாண்டு அந்நகரிலே உலகப் பொருட்காட்சி நடந்தது. அதன் பெயரிலிருந்து இரவல் வாங்கியது! வந்தவர் ஏறத்தாழ 200 பேர். வந்தும் வாசலிலே நிறுத்தப்பட்டவர் 6 பேர். எதிரணி ரசிகர்கள், இடதுசாரிக் கருத்தினர், துண்டறிக்கை கொடுத்துக் கலகம் விளைவிப்பார்கள் என்று அஞ்சி அவர்களை உள்ளே விட மறுத்தார்கள் மாநாட்டை நடத்தியவர்கள். தடுக்கப்பட்ட அந்த அறுவரிலே பிரெடரிக் போல் இருந்தார், சிரில் கார்ன்பிளத் இருந்தார், டொனால்டு வொல்ஹெய்ம் இருந்தார். பிற்காலத்தில் அந்த இலக்கியத்தை எழுதியும், இதழ் நடத்தியும், பதிப்பகம் அமைத்தும் வளர்த்த பெரும்பெயர்கள் இவை. வாசற்படியிலே நிறுத்தப்பட்டவனே நாளைக்கு வீட்டைக் கட்டுகிறவன் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

சரி, அது இளம்பிள்ளைகளின் சண்டை, மறப்போம். அதன் பிறகு?

போர் காரணமாக 1942 முதல் 1945 வரை மாநாடு நடக்கவில்லை. அந்த நான்காண்டு நீங்கலாக, 2025-இல் சியாட்டில் நகரில் நடந்தது வரை மொத்தம் 83 மாநாடுகள். இந்த எண்பத்து மூன்றிலே அமெரிக்க நாட்டில் நடந்தவை 59. அடுத்த வீட்டுக் கனடாவிலே 5. வட அமெரிக்காவை விட்டு வெளியே வந்தவை 19. முதலில் எட்டிப் பார்த்தது 1957-இல், இலண்டனிலே. ஆங்கிலம் நாட்டுமொழியாக இல்லாத நாடுகளிலே நடந்தவை எத்தனை? விரல்விட்டு எண்ணுங்கள், ஒரு கை போதும்: 1970 ஹைடல்பர்க், 1990 தி ஹேக், 2007 யோக்கஹாமா, 2017 ஹெல்சிங்கி, 2023 செங்டு. ஆசியாவிலே இரண்டே இரண்டு. ஆப்பிரிக்காவிலே இல்லை. தென் அமெரிக்காவிலே இல்லை. இதற்குப் பெயர் உலகம்!

உடனே ஒரு குரல் எழும்பும். “நாங்களா தடுத்தோம்? வரவேண்டியதுதானே! இது வியாபார நிறுவனமல்ல. ஊதியம் வாங்காத தொண்டர்கள் நடத்துவது. எங்கே தொண்டர்கள் மிகுதியோ அங்கே மாநாடு மிகுதி. இதிலே ஓரவஞ்சனை எங்கே?” என்று.

நியாயமான குரல்தான், அலட்சியப்படுத்த மாட்டோம். நாற்காலி தூக்கியவனின் தோள்வலி நமக்குத் தெரியும். அமெரிக்க ரசிகர்கள் தம் கைக்காசைப் போட்டு, தம் விடுமுறையைக் கொடுத்து வளர்த்த மாநாடு அது. ஆண்டுதோறும் ஊரை மாற்றுகிறார்கள். எந்த ஊரிலே நடத்துவது என்பதை ரசிகர்களே வாக்களித்து முடிவு செய்கிறார்கள். மாநாடு நடக்கிற இடத்திலிருந்து 500 மைல் சுற்றளவுக்குள் உள்ள ஊர், அங்கே நடக்கிற தேர்தலிலே போட்டியிடக் கூடாது என்றும் விதி வைத்திருக்கிறார்கள். ஒரே ஊரான் உட்கார்ந்துகொள்ளக் கூடாது என்ற நல்லெண்ணம் அதிலே இருக்கிறது. மறுக்கவில்லை.

ஆனால் நல்லெண்ணம் வேறு, நடைமுறை வேறு. யாருக்கு வாக்கு என்று பாருங்கள். மாநாட்டின் உறுப்பினராகச் சேர வேண்டும். ஊரைத் தேர்ந்தெடுக்க அதற்குமேலும் முன்பணம் கட்டவேண்டும். சிகாகோ ரசிகனுக்கு அது ஒரு வேளை விருந்துச் செலவு. கம்பாலா ரசிகனுக்கோ அது வீட்டு அரிசிச் செலவு. இன்னொன்று கேளுங்கள்: மாநாட்டின் சட்டதிட்டங்களைத் திருத்த ஒரு பொதுக்குழு கூடும். ஒரு திருத்தம் நிறைவேற, அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளின் கூட்டங்களிலே ஒப்புதல் பெறவேண்டும். அங்கே நேரிலே வந்து உட்கார்ந்தவனுக்குத்தான் கை தூக்கும் உரிமை என்பது நெடுநாள் வழக்கம். விருதுக்கு வாக்கு தபாலிலே போடலாம். விதியை மாற்ற விமானமேற வேண்டும்! வரமுடியாதவன் வரமுடியாத நிலையை மாற்றவேண்டுமானால், முதலில் வந்தாக வேண்டும். எப்படி இருக்கிறது ஏற்பாடு? கிணற்றிலே விழுந்தவனைப் பார்த்து, மேலே ஏறி வந்து கயிறு கேள் என்பதுபோல இல்லையா?

இத்துடன் விசா என்றொரு வேலி. 2025 ஜூன் மாதம் அமெரிக்க அரசு, சில விதிவிலக்குகள் தவிர, 12 நாட்டு மக்கள் தன் மண்ணில் நுழையவே தடை போட்டது. அடுத்த இரண்டே மாதத்தில் சியாட்டிலில் உலக மாநாடு. தடையை ரசிகர்கள் போடவில்லை, உண்மை. ஆனால் தெஹ்ரானிலே இருந்துகொண்டு, செவ்வாய்க் கிரகத்துக்கு மனிதன் போகும் கதையைப் படித்த இளைஞனின் நிலையை எண்ணுங்கள். கதையிலே கிரகம் தாண்டினான். வாழ்க்கையிலே ஒரு கடவுச்சீட்டு மேசையைத் தாண்ட முடியவில்லை!

ஆர்வம் எல்லா ஊரிலும் ஒன்றுதான். அது கூடிக்குலவுகிற முறைதான் ஊருக்கு ஊர் வேறு. இதைப் புரிந்துகொள்ளாதவன்தான் வருகைப் பதிவேட்டைக் காட்டிப் பற்றை அளக்கிறான். இலண்டனிலே ரசிகர்கள் நெடுங்காலமாக மாதம் ஒரு வியாழக்கிழமை மதுக்கடை ஒன்றிலே கூடிப் பேசினார்கள். கோப்பையும் கதையும் சேர்ந்தே வளர்ந்தன. ஆண்டு மாநாட்டை ஈஸ்டர் விடுமுறையிலே வைத்துக்கொண்டார்கள், வேலைக்குப் போகிறவனுக்கு விடுப்பு வேண்டுமே! பின்லாந்து நாட்டிலே 1986 முதல் நடக்கும் ‘பின்கான்’ மாநாட்டுக்கு நுழைவுக் கட்டணமே கிடையாது. பொது நிதியும் மானியமும் பெற்று, குழந்தையும் கிழவியும் வழியிலே போகிறவனும் உள்ளே வரலாம் என்று கதவைத் திறந்து வைத்திருக்கிறார்கள். விளைவு என்ன? 2017-இல் உலக மாநாடு ஹெல்சிங்கிக்கு வந்தபோது எதிர்பார்த்ததற்குமேல் கூட்டம்! அரங்குகள் போதவில்லை, வாசலுக்கு வாசல் வரிசை, அவசர அவசரமாகக் கூடுதல் அரங்குகள் தேடினார்கள். பின்லாந்தில் ரசிகர் இல்லையென்று நினைத்தவர் இருந்தால், அந்த வரிசையைப் பார்த்திருக்க வேண்டும்.

ஜப்பானைப் பாருங்கள். 1975 டிசம்பரில் டோக்கியோவிலே சித்திரக்கதை ரசிகர்கள் தாமே அச்சிட்ட புத்தகங்களைப் பரிமாறிக்கொள்ள ஒரு சந்தை கூட்டினார்கள். ‘காமிக்கெட்’ என்று பெயர். 32 குழுக்கள், ஏறத்தாழ 700 பேர். ஆண்டுக்கு இருமுறை கூடிக் கூடி, 2019-இல் நான்கு நாள் கூட்டத்துக்கு 7 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்தார்கள். ஏழு லட்சம்! சில ஆயிரம் பேர் கூடுகிற உலக மாநாட்டைவிட எத்தனை மடங்கு! அவர்களுக்கு ஒரு கொள்கை உண்டு: இங்கே வாடிக்கையாளர் என்று எவருமில்லை; விற்பவன், வாங்குபவன், வழிகாட்டும் தொண்டன் அனைவரும் பங்கேற்பாளரே. ஆகா, அதுவல்லவோ மன்றம்! அத்தனை பெரிய கூட்டம் கண்டவர்கள், உலகம் என்ற சொல்லைத் தம் தலைப்பாகையிலே செருகிக்கொள்ளவில்லை என்பதையும் கவனியுங்கள்.

இனிச் சீனத்தின் கதைக்கு வருவோம். இதிலேதான் பாடம் இருக்கிறது; பாராட்டும் இருக்கிறது, படிப்பினையும் இருக்கிறது.

செங்டு நகரிலே 1979-இல் தொடங்கிய ஒரு விஞ்ஞானக் கதை இதழ். 1983-இல் அந்நாட்டிலே அடித்த அரசியல் காற்றிலே, இத்தகைய கதைகளே ஆன்ம மாசு என்று தூற்றப்பட்டன, இதழ்கள் மூடுண்டன. அந்த ஒன்று மட்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. 1990-இல் ஹாலந்து நாட்டிலே நடந்த எழுத்தாளர் சங்கக் கூட்டத்துக்கு, அடுத்த கூட்டத்தை எங்கள் ஊரிலே நடத்துங்கள் என்று கேட்கப் புறப்பட்டார் அந்த இதழின் பெண் ஆசிரியர் யாங் சியாவ். விமானத்துக்குப் பணம் ஏது? கண்டம் கடந்து நாட்கணக்காக இரயிலிலே போனார்! கேட்டார், பெற்றார், 1991-இல் செங்டுவிலே அந்தக் கூட்டம் நடந்தது. இரயிலிலே போன பெண்மணியின் ஊர், முப்பதாண்டு கழித்து உலக மாநாட்டையே கேட்டது. நடுவிலே 2015-இல், லியு சிஸின் எழுதிய ‘மூவுடல் சிக்கல்’ நாவல், மொழிபெயர்ப்பாக வந்து ஹியூகோ பெற்ற முதல் நாவல் என்ற பெருமையை அடைந்திருந்தது. தகுதிக்கு வேறென்ன சான்று?

2021 டிசம்பர், வாஷிங்டன் நகரிலே வாக்கு எண்ணினார்கள். செங்டுவுக்கு 2006, கனடாவின் வின்னிபெக்குக்கு 807. சீன ரசிகர்கள் பணம் கட்டி, உறுப்பினராகி, வாக்களித்திருந்தார்கள். உடனே எழுந்தது ஐயம்: முகவரி சரியாக எழுதப்படவில்லையே, இந்தச் சீட்டுகளைத் தள்ளலாமா என்று! அமெரிக்க முகவரி எழுதும் முறையை அளவுகோலாக வைத்து அடுத்த கண்டத்து வாக்கை அளக்கப் பார்த்தார்கள். நல்லவேளை, எண்ணிக்கை நின்றது. சீனத்திலே மனித உரிமை நிலை எப்படி, அங்கே போகலாமா என்று வேறு சிலர் கேட்டார்கள். அது வேறு கேள்வி, நேர்மையான கேள்வி. அதைக் கேட்க எவருக்கும் உரிமை உண்டு. முகவரியைச் சாக்கிட்டு வாக்கைத் தள்ளுவதற்கு மட்டும் எவருக்கும் உரிமை இல்லை.

2023 அக்டோபரில் மாநாடு நடந்தது. புதிதாகக் கட்டிய அருங்காட்சியகம், இளைஞர் கூட்டம், பள்ளிப் பிள்ளைகள். நரைத்த தலைகளையே பார்த்துப் பழகிய மேற்கத்திய ரசிகர்கள், இத்தனை இளம் முகங்களா என்று வியந்தார்கள். இனிமேல்தான் கசப்பு.

2024 ஜனவரியில் வாக்கு விவரம் வெளியானது. ஆர். எஃப். குவாங் எழுதிய ‘பேபல்’ நாவல் உள்ளிட்ட சில, போதிய முன்மொழிவு பெற்றும், ‘தகுதியில்லை’ என்ற ஒற்றைச் சொல்லால் நீக்கப்பட்டிருந்தன. காரணம் சொல்லப்படவில்லை. பிப்ரவரியிலே மின்னஞ்சல்கள் வெளிவந்தன. விருதுப் பணியைப் பார்த்த வட அமெரிக்கர் சிலர், போட்டியாளர்கள் சீனத்தைப்பற்றி என்ன எழுதினார்கள், திபெத்தைப்பற்றி என்ன பேசினார்கள் என்று குறிப்பெடுத்து அனுப்பியிருந்தார்கள்! சீனப் படைப்புகள் சிலவற்றின் முன்மொழிவுகளும் கழிக்கப்பட்டது அந்த மின்னஞ்சல்களிலே தெரிந்தது. உலகமெங்கும் ஒரே கூச்சல்: “பார்த்தீர்களா, சீனத்துக்குக் கொடுத்தால் இப்படித்தான்!” என்று.

அப்படியா? நின்று நிதானமாகப் பாருங்கள். ஆணை பிறப்பித்த அரசுக் கடிதம் எதுவும் வெளிவரவில்லை. குறிப்பெடுத்த கை எந்தக் கை? இருபது முப்பது ஆண்டு இந்த மாநாட்டு வேலையிலே பழுத்த மேற்கத்தியக் கை. ஆளும் அதிகாரத்துக்கு அஞ்சி, கேட்குமுன்னே குனிந்த முதுகு அது. ஏமாந்தவர் யார்? பணம் கட்டி வாக்களித்த சீன ரசிகனும்தான். பெயர் நீக்கப்பட்ட எழுத்தாளரும்தான். கொள்ளை போனவன் வீட்டு வாசலிலே நின்று, உன் தெருவே திருட்டுத் தெரு என்று ஏசுவதா நியாயம்?

அடுத்த ஆண்டு கிளாஸ்கோவிலே என்ன செய்தார்கள்? 2024-இல் 377 வாக்குகள் போலியென்று கண்டார்கள். கண்டதை மறைக்கவில்லை, எத்தனை, ஏன் தள்ளினோம், யார் வெற்றிக்காகப் போடப்பட்டதோ அவர் குற்றவாளி என்று நாங்கள் கருதவில்லை என்பதை முன்கூட்டியே வெளியிட்டார்கள். ஆக, நேர்மைக்கு ஊர் கிடையாது, முறை உண்டு. கணக்கைத் திறந்து வைத்தால் எந்த ஊரிலும் மாநாடு மானத்தோடு நடக்கும். மூடி வைத்தால் எந்த ஊரிலும் நாறும்.

வழி என்ன என்று கேட்பீர்கள். வழி புதிதல்ல, அவர்களுடைய பழைய ஏடுகளிலேயே இருக்கிறது. 1952-இல், பெல்ஃபாஸ்ட் நகரத்து ரசிகர் வால்ட் வில்லிஸ் என்பவரைச் சிகாகோ மாநாட்டுக்கு வரவழைக்க, அமெரிக்க ரசிகர்கள் உண்டியல் குலுக்கினார்கள். அவர் எழுத்தைப் படித்தார்கள், ஆளைப் பார்க்க ஆசைப்பட்டார்கள், பணம் சேர்த்தார்கள், வரவழைத்தார்கள். அடுத்த ஆண்டே அது நிலையான நிதியாயிற்று: அட்லாண்டிக்கின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு ரசிகர் ஒருவரை வாக்கெடுத்து அனுப்பும் நிதி. 1972-இல் ஆஸ்திரேலியாவுக்கும் அமெரிக்காவுக்குமிடையே இன்னொன்று. எத்துணை உயர்ந்த எண்ணம்! அதே உண்டியல் கொழும்புக்கும், நைரோபிக்கும், இலாகோசுக்கும், இலிமாவுக்கும் குலுங்கட்டும். வருமானம் குறைந்த நாட்டானுக்கு உறுப்பினர் கட்டணம் குறையட்டும். சட்டதிட்டப் பொதுக்குழுவை 2025-இல் சியாட்டில் மாநாட்டார் இணையவழியிலே நடத்திக் காட்டினார்கள். அதை அந்த ஒரே ஆண்டு வேடிக்கையாக விட்டுவிடாமல் நிலையான விதியாக்கட்டும். நேரிலே வருவோர் வரட்டும், வராதவர் கை வீட்டிலிருந்தே உயரட்டும். ஆங்கிலம் அறியாதவன் அவையிலே பேச மொழிபெயர்ப்பாளர் நிற்கட்டும்.

இவற்றுக்கெல்லாம் செலவாகாதா? ஆகும். வேலை கூடாதா? கூடும். ஆனால் தொண்டரில்லாத ஊர் என்று ஒதுக்கிய ஊரிலிருந்து தொண்டர் எப்படித் தோன்றுவார்? மாநாட்டைக் கண்ணாலே பார்த்தவன்தான் மாநாடு நடத்தக் கற்கிறான். ஹெல்சிங்கி வரிசையும், செங்டு பிள்ளைகளும், டோக்கியோவின் ஏழு லட்சமும் சொல்லுகிற சேதி ஒன்றுதான்: ரசிகன் இல்லாத ஊர் இல்லை, அவனுக்கு வழி விடாத ஏற்பாடுதான் உண்டு.

நாளை நிலவிலே மனிதர் குடியேறினால் அங்கேயும் ஒரு மாநாடு நடத்துவோம் என்று கற்பனை செய்கிறவர்கள் இவர்கள். நல்லது, நடத்தட்டும். நிலவுக்குப் போகுமுன் நைல் நதிக்கரைக்கு ஒருமுறை வரட்டும். அமேசான் கரைக்கு வரட்டும். கிளார்க் வாழ்ந்த கொழும்புக் கடற்கரைக்கு வரட்டும். 1939-இல் பொருட்காட்சியிடம் இரவல் வாங்கிய சொல் அது, உலகம் என்பது. இரவலைத் திருப்பித் தரவேண்டாம், சொந்தமாக்கிக்கொள்ளட்டும்!